மான் வேட்டையும் மலிவான றைபிளும்

திருகோணமலையிற் பிறந்து வளரும் பிள்ளைக்கு மான் ஒரு காட்டு விலங்காகத் தோன்றுவதில்லை. பிரட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்தை நோக்கி ஏறிச் செல்லும் வழியிலே, மரநிழலிற் படுத்து அசைபோடும் புள்ளிமான்களை அப்பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தவாறே கண்டிருக்கும். நகரத் தெருக்களிலும் அவை ஆடுமாடுகளைப் போல உலாவுகின்றன. வழிபாட்டுக்கு வந்தோர் நீட்டும் பழத்தைக் கையிலிருந்தே வாங்கி உண்கின்றன. பழம் இருந்த பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன என்பதுதான் வருத்தம். இத்தகைய ஊரிலிருந்து ஒரு பாடசாலை அதிபர் மானைச் சுடும் துவக்கைப் பற்றிப் பேச வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

கேள்வி என்னுடையதன்று. எம் மாவட்டத்திலிருந்து புறப்பட்டுக் கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறியோர் பலர். அந்நாடுகளில் மான் வேட்டை சட்டத்தின் வரம்புக்குள் நடைபெறுவது. இலையுதிர் காலம் வந்ததும் அயலவரும் உடன் வேலை செய்வோரும் கூடிக் காட்டுக்குச் செல்வர். எம்மவர் சிலரும் இப்பொழுது அவர்களோடு செல்லத் தொடங்கியுள்ளனர். ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் என் தமக்கையின் மகன் அவர்களுள் ஒருவன். ‘மாமா, ஆயிரம் இரண்டாயிரம் டொலர் கொடுத்து வாங்க என்னால் இயலாது. விலை குறைந்த றைபிள் மானுக்குப் போதுமா? அல்லது அதனை வாங்குவது காசைக் கடலிற் போடுவதா?’ என்று கேட்டான். பெரியவரிடம் ஒரு சொற் கேட்டுச் செய்வது எம் குடும்பங்களின் வழக்கமாதலின் கேட்டானேயன்றி, நான் துவக்கு அறிந்தவன் என்று கருதியன்று. நான் கலைப் பட்டதாரி. ஆயினும் கேட்டது நேர்மையான கேள்வி. நூல்களைப் படித்தும், அவன் இல்லத்திற் சில வாரங்கள் தங்கியிருந்த காலத்தில் வேட்டையிற் பழகியோரை வினவியும் ஒருவாறு விடை தேடிக்கொண்டேன்.

அதனைச் சொல்லுமுன் எம் நாட்டு நிலையைத் தெளிவாக்கிவிடல் நன்று. இலங்கையில் மான் வேட்டைக்கு எந்த றைபிள் நல்லது என்ற வினாவே எழாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்குப் பின்னர் 2009 வரையில் வந்த திருத்தங்களும் புள்ளிமானையும் மரையையும் காத்து நிற்கின்றன. கொல்வது மட்டுமன்று, இறைச்சியை விற்பதுங் குற்றம். துவக்கு ஒன்றை வைத்திருப்பதற்கோ 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். பயிர் காப்பதற்கென வயற்காரர் பெறுவதும் சிறுசன்னங்களைச் சிதறவிடும் சொட்கன் துவக்கேயன்றி றைபிள் அன்று.

எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. 1660 ஆம் ஆண்டிலே எம் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளிவந்த தம் நூலில் இத்தீவின் மான்வகைகளை வியந்து எழுதினார். முயலின் அளவே உடையதாயினும் அங்கங்கள் யாவும் மானையே ஒத்த ஒரு சிற்றுயிரையும் அவர் குறிப்பிடுகின்றார்; நாம் உக்குளான் என்று வழங்கும் சருகுமானே அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து வந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாப் பகுதியில் மரையை வேட்டைநாய்களைக் கொண்டு துரத்திக் கத்தியினாற் கொன்றதை ஒரு வீர விளையாட்டாகவே எழுதினார். அக்காலத்தில் வேட்டைக்கு அளவே இருந்ததில்லை. மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுகின்றது; 1845 இல் அவர் இடி விழுந்து இறந்ததை ஊரார் எவ்வாறு விளக்கியிருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்வீர்கள். 1937 ஆம் ஆண்டுச் சட்டங்கூட முதலில் வேட்டையை அடியோடு ஒழிக்கவில்லை. பருவம் வகுத்து, கட்டணம் பெற்று, அனுமதி வழங்கிற்று. கதவு பின்னரே படிப்படியாக மூடப்பட்டது.

கதவு மூடியபின்னும் காட்டில் வெடியோசை நிற்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. மலிவான துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எம் மாவட்டத்துக் காட்டோரக் கிராமத்தவருக்கு நினைவு வருவது கட்டுத் துவக்கு. ஊர்க் கொல்லுலையிலே செய்யப்படும் இதற்குக் கட்டையுமில்லை, குறிகாட்டியுமில்லை, சுடுபவனுமில்லை. விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே கட்டிய நூலிலே எதன் கால் பட்டாலும் அது வெடிக்கும். பன்றிக்கு வைத்தேன் என்பான் வைத்தவன். வருவதோ மானாக இருக்கலாம், யானையாக இருக்கலாம், தேன் எடுக்கச் செல்பவனாகவும் இருக்கலாம். எம் பாடசாலையிற் பயின்ற சிறுமி ஒருத்தியின் தந்தை, விறகுக்குச் சென்றவர், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அந்தத் துவக்குக்கு வைத்தவன் செலவழித்தது மிகச் சொற்பப் பணமாகத்தான் இருக்கும்.

இதனை நான் இடையிலே கூறியது காரணமில்லாமல் அன்று. எதனைச் சுடுகின்றோம், அதன் உடலில் எவ்விடத்திற் சுடுகின்றோம் என்ற இரண்டையும் அறியாமல் வெடிப்பது கட்டுத் துவக்கு. வேட்டைக்குரிய றைபிள் என்பது அவ்விரண்டையும் அறிந்து ஒரே ஒரு சன்னத்தை ஓரிடத்திற் செலுத்துவதற்கென்றே வளர்ந்த கருவி. ஆகவே, ‘எது மலிவு?’ என்ற கேள்விக்கும் இந்த அளவுகோலைக் கொண்டே விடை காண வேண்டும்.

றைபிள் என்பதற்குச் சுரிகுழல் துப்பாக்கி என்று தமிழிற் பெயரிட்டனர். பொருத்தமான பெயரே. குழலின் உட்புறத்திலே சங்கின் புரி போல நீண்டு சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றினூடே நெருங்கிச் செல்லும் சன்னம் தானுஞ் சுழன்றுகொண்டு வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் சன்னமும் தலைகுப்புறப் புரளாமல் நேரே செல்லும். சொட்கன் துவக்கு முப்பது நாற்பது மீற்றருக்குள்ளேயே நம்பத்தக்கது. றைபிளோ நூறு இருநூறு மீற்றருக்கு அப்பாலும் குறித்த இடத்தைத் தொடும்.

இனி அதன் பின்புறத்தைப் பார்ப்போம். ரவையை உள்ளே வைத்து மூடுவதற்குப் பலவகை அமைப்புகள் உண்டு. அவற்றுள் எளியதும் உறுதியானதும் ‘போல்ற்’ எனப்படும் தாழ் அமைப்பு. எம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை எண்ணிக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்குகின்றோம், பின்னே இழுக்கின்றோம், திறந்துகொள்கின்றது. முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கின்றது. றைபிளிலும் அஃதே. பின்னே இழுக்கும்போது சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே தெறிக்கும். முன்னே தள்ளும்போது ரவைக்கூட்டிலிருந்து புதிய ரவை ஒன்று குழலுக்குட் புகும். மடக்கும்போது தாழின் காதுகள் உருக்கிலே வெட்டிய குழிகளிற் சென்று பொருந்தி, வெடியின் அழுத்தம் முழுவதையும் தாங்கிக்கொள்ளும். உறுப்புகள் சிலவே. கெடுவதற்கும் சிலவே. திறந்து பார்த்த மாத்திரத்தே உள்ளே ரவை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். புதிதாகப் பழகுபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இவ்வமைப்பு போர்க்களத்திற் பிறந்தது. பிரஷ்ய நாடு டிரைசே என்பாரின் துப்பாக்கியை 1841 இல் ஏற்றது. மௌசர் சகோதரர்களின் தொழிற்சாலையிலிருந்து வந்த 1898 ஆம் ஆண்டு அமைப்பே இன்றைய வேட்டை றைபிள்கள் பலவற்றுக்கும் மூதாதை. பிரித்தானியர் 1895 முதல் லீ-என்பீல்ட் றைபிளைக் கைக்கொண்டனர். 1957 வரையில் எம் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கியதன்றோ? அக்காலத்தைக் கண்ட முதியோர் ‘த்ரீ நொட் த்ரீ’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். லீ-என்பீல்ட் றைபிளின் ரவைக்குரிய .303 என்னும் அளவே அது.

இந்த லீ-என்பீல்ட்தான் ஏழை வேட்டைக்காரனின் முதலாவது மலிவு றைபிளும் ஆயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தேவைக்கு மிஞ்சிய றைபிள்கள் மிகக் குறைந்த விலையிற் சந்தைக்கு வந்தன. கனடாவின் விவசாயிகளும் மரம் வெட்டுவோரும் அவற்றை வாங்கி, முன்புற மரத்தைச் செதுக்கிப் பாரத்தைக் குறைத்து, தலைமுறை தலைமுறையாக மான் சுட்டனர். கனடாவின் வடபுலத்தைக் காவல் செய்யும் ‘றேஞ்சர்ஸ்’ என்னும் தொண்டர் அணியினர் 2010 களின் பிற்பகுதி வரையில் அதனையே தாங்கினர். பின்னர் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் தாழ் அமைப்புள்ள றைபிளே. பின்லாந்து நாட்டு டிக்கா றைபிளை அடியொற்றியது அது. கடுங்குளிரில், பழுது பார்க்க ஆளில்லாத இடத்தில், எளிய பொறியே நின்று உழைக்கின்றது.

பழைய படைத் துப்பாக்கி இன்றும் நல்ல கொள்முதலா என்று கேட்டால், எனக்கு ஐயமே. விலை முன்போல் மலிவாயில்லை. .303 ரவை எல்லாக் கடையிலுங் கிடைப்பதில்லை. தொலைநோக்கி பொருத்துவதற்கென அது செய்யப்படவுமில்லை. ஆசைப்பட்டு வாங்குவோர் ஒன்றை மட்டும் மறக்கலாகாது: தாழில் வெட்டியுள்ள இலக்கமும் உடலில் வெட்டியுள்ள இலக்கமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறொரு துவக்கின் தாழை மாட்டியிருந்தால், ரவையின் பின்புறத்துக்கும் தாழின் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய நுண்ணிய இடைவெளி மாறியிருக்கக்கூடும். அது சுடுபவனின் முகத்துக்கே ஆபத்து.

அந்த இடைவெளியைச் சரிப்படுத்தும் வேலையே ஒரு காலத்தில் நல்ல றைபிளின் விலையை உயர்த்தியது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் குழலைத் திருகி, அளந்து, மீண்டும் கழற்றிச் சீவி, மீண்டும் திருக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனத்தார் 1958 இல் வெளியிட்ட 110 ஆம் மாதிரியில் குழலின் அடியிலே ஒரு பெரிய சுரைநட்டைப் பொருத்தினர். குழலை வேண்டிய அளவுக்குத் திருகி, நட்டை இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பார்வைக்கு அந்த நட்டு அழகன்று. ஆனால் விலை இறங்கியது, குறி இறங்கவில்லை. பின்னர்க் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்தன. மரக்கட்டைக்குப் பதிலாக அச்சில் வார்த்த பிளாஸ்திக்குக் கட்டை வந்தது. 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாவேஜ் அக்சிஸ், றூகர் அமெரிக்கன் என்னும் மாதிரிகள் வெளியாகின. அமெரிக்கச் சந்தையில் இவற்றின் எளிய வடிவங்கள் ஏறத்தாழ 400 முதல் 600 டொலர் வரையில் விற்கப்பட்டன. டிக்கா அவற்றிலும் விலை கூடியது. அலங்கார மரமும் செதுக்கு வேலையுங் கொண்டவை பல ஆயிரத்துக்கு ஏறும்.

விலை குறைந்தவற்றில் எது குறைகின்றது? தாழ் வழுக்கிக்கொண்டு ஓடாது. மணலிற் பெட்டியை இழுப்பது போலச் சற்று முரண்டும். பிளாஸ்திக்குக் கட்டையின் முன்புறம் கையால் அழுத்தினால் வளையும். அதனைக் கல்லிலோ மரத்திலோ அழுத்திச் சுடலாகாது. ரவைக்கூடு மெல்லியது. சில மாதிரிகளின் குழல் மெலிந்ததாகையால் நாலைந்து முறை சுட்டதும் சூடேறிக் குறி சற்று அலையும். ஆனால் மான் வேட்டையில் நாலைந்து முறை சுடும் நிலை ஏற்பட்டால், பிழை குழலின் மேலதன்று. குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதற் சன்னம் எங்கே செல்கின்றது என்பதே கேள்வி. அந்த ஒன்றில் இவ்விலை குறைந்த றைபிள்கள் ஏமாற்றுவதில்லை.

இதனை எண்களாற் பார்ப்போம். என் மருமகனின் ஐயம் இங்கேதான் தீர்ந்தது. மானின் நெஞ்சறையில் இதயமும் நுரையீரலும் அமைந்த இடம், பக்கவாட்டிற் பார்க்கும்போது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டம் எனலாம். முன்காலுக்குச் சற்றே பின்னால் அது அமைந்துள்ளது. அவ்வட்டத்திற் பட்டால் மான் சில விநாடிகளில் விழும். வயிற்றிலோ காலிலோ பட்டால் கிலோமீற்றர் கணக்கில் ஓடி, எங்கோ ஒரு பற்றைக்குள் மணிக்கணக்கில் துடிக்கும். நூறு மீற்றர் தொலைவில், தாங்கியில் வைத்துச் சுடும்போது, விலை குறைந்த நல்ல றைபிள் தன் சன்னங்களை மூன்று நான்கு சென்ரிமீற்றர் வட்டத்துள் அடக்கும். விலையுயர்ந்தது இரண்டு சென்ரிமீற்றருக்குள் அடக்கலாம். இருபதுக்கு முன் இந்த இரண்டு சென்ரிமீற்றர் வேறுபாடு எம்மாத்திரம்? ஆனால் பழகாதவன் ஒருவன், ஓடி வந்த மூச்சோடு நின்றபடியே சுட்டால், அவன் கை அசைவு ஒன்றே இருபது சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். ஆகவே துவக்கின் விலையில் மிச்சம் பிடித்ததைக் கைப் பழக்கத்திற் செலவிடுவதே அறிவுடைமை. ஆயிரம் டொலர் வைத்திருப்பவன் அதில் பாதிக்குத் துவக்கும், மீதிக்குத் தொலைநோக்கியும் ரவையும் வாங்கட்டும். கடைக்காரர் பெரும்பாலும் இதற்கு மாறாகச் சொல்வர். அது அவர்கள் தொழில்.

தொலைநோக்கியின் விடயத்தில் மட்டும் மிக மலிவானதை நாடலாகாது. அதிலும் அதனைத் துவக்கோடு பிணைக்கும் பற்றுக் கம்பிகளும் திருகாணிகளும் முதன்மையானவை. அவற்றில் ஒன்று தளர்ந்தாலும், எவ்வளவு நல்ல றைபிளும் கட்டுத் துவக்குக்கு அண்ணனாகிவிடும்.

அடுத்தது ரவை. .308, .30-06, .270, .243 என்று கடையில் அடுக்கியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. இவ்வெண்கள் ஏறத்தாழச் சன்னத்தின் குறுக்களவை அங்குலத்திற் காட்டுவன. .30-06 என்பதில் பின்னுள்ள எண் 1906 ஆம் ஆண்டைக் குறிக்கும். வெண்வால் மானுக்கு இவை எல்லாமே போதும். மூஸ் எனப்படும் பெருமானையும் ஒருநாள் நாடக்கூடியவன் .308 அல்லது .30-06 இல் நிற்பது நலம். தோளிற் படும் பின்னுதைப்புக்கு அஞ்சுபவன் .243 ஐயோ, 6.5 கிறீட்மூர் எனப்படும் புதியதையோ எடுக்கலாம். அச்சம் என்று கூறியது இழிவாகவன்று. உதைப்புக்கு அஞ்சும் கண் விசையை அழுத்தும் கணத்தில் தானே மூடிக்கொள்ளும். சன்னம் வழி தவறும். பெருவேட்டைக்குரிய ‘மாக்னம்’ ரவைகளை முதல் துவக்குக்கு வாங்குவது, சைக்கிள் பழகாதவன் மோட்டார் சைக்கிள் வாங்குவதை ஒக்கும். எவ்வூர்க் கடையிலும் கிடைக்கும் ரவையே மலிவான ரவை என்பதையும் மறவாதிருங்கள்.

துவக்கு உடலுக்குப் பொருந்துகின்றதா என்று பார்ப்பது எம்மவருக்குச் சிறப்பாக வேண்டியது. அமெரிக்கத் துவக்குகளின் கட்டை பெரும்பாலும் விசையிலிருந்து தோள் வரை 34 சென்ரிமீற்றர் அளவினது; ஓங்கி வளர்ந்தவர்களுக்கென வகுத்தது. என் மருமகன் சராசரி உயரமுடையவன். கடையில் எடுத்துத் தோளில் வைத்தபோது கழுத்தை நீட்டியே தொலைநோக்கியைப் பார்க்க முடிந்தது. அதுவும் கோடைச் சட்டையோடு. பனிக்காலத்தின் தடித்த மேலங்கியை அணிந்தால் இன்னும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடிவிடுமன்றோ? குறுங்கட்டை கொண்ட மாதிரிகள் அதே விலையிலேயே உள்ளன. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். கடைக்குச் செல்லும்போது மேலங்கியையுங் கொண்டு செல்லுதல் வேண்டும்.

பழைய துவக்கை வாங்குவது மலிவுக்கு நல்ல வழிதான். தாழைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தை நோக்கிக் குழலினூடே பார்க்க வேண்டும்; சுரிகள் கூர்மையாகவும் துருப் பள்ளம் இன்றியும் இருத்தல் வேண்டும். குழலின் வாய் விளிம்பு நசுங்கியிருந்தால் சன்னம் புறப்படும்போதே சாயும். மரக்கட்டையில் கைபிடிக்கும் இடத்தருகே மயிரிழை வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். ஐயம் இருப்பின் துவக்குத் திருத்துநர் ஒருவருக்குச் சிறிது கூலி கொடுத்துக் காட்டுவது வீண்செலவாகாது.

ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னர்ச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கனடாவில் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியிற் சித்தியெய்தி உரிமம் பெறாதவனுக்குக் கடைக்காரன் றைபிளை விற்க மாட்டான். வேட்டைக்கு வேறாகப் பயிற்சியும் அனுமதியும் உண்டு. இதைவிட, தென் ஒன்ராறியோவின் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் பலவற்றில் மானுக்கு றைபிளே அனுமதிக்கப்படுவதில்லை. சொட்கன் முதலிய குறுந்தொலைவுத் துவக்குகளையே அங்கே எடுத்துச் செல்லலாம். எங்கே வேட்டையாடப் போகின்றோம் என்று அறியாமல் றைபிளை வாங்கி வந்து, பின்னர் நான்கு மணி நேரம் காரோட்டி வடக்கே செல்ல வேண்டியவர் சிலரை அங்குச் சந்தித்தேன். துவக்குக்கான வேட்டைக் காலத்தில் செம்மஞ்சள் நிற மேலாடையும் தலையணியும் அணிதல் அம்மாகாணத்திற் கட்டாயம். மேலாடையின் நிறப்பரப்பு 400 சதுர அங்குலத்துக்குக் குறையலாகாது என்று அளவும் வகுத்துள்ளனர்.

ஏன் இத்துணைக் கட்டுப்பாடு என்பதை எம் புறநானூறே விளக்கிவிடும். வல்வில் ஓரி எய்த அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலியை வீழ்த்தி, மானையும் பன்றியையும் உருட்டி, அதற்கும் அப்பாற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்று அங்கு ஒரு பாடல் உண்டு. வகுப்பில் இதனை உயர்வு நவிற்சி என்று கற்பிப்போம். றைபிளின் சன்னத்துக்கு அது ஏறத்தாழ உண்மையே. மானை ஊடுருவி அப்பாலும் செல்லும். தவறினாலோ மூன்று நான்கு கிலோமீற்றர் வரை பறக்கும். ஆகையால் மானுக்குப் பின்னால் மண்மேடோ குன்றுச் சரிவோ இல்லையெனின் விசையைத் தொடலாகாது என்பது முதல் விதி. வானம் பின்னணியாகத் தெரியும்படி மேட்டின் உச்சியில் நிற்கும் மான் எவ்வளவு அழகாய் நின்றாலும், அது சுடத்தக்க மான் அன்று.

நோர்வேக்காரர் பழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டனர். புதிதாக வேட்டைக்கு வருபவன் முதலில் ஒரு பாடநெறியைப் பயின்று தேர்வில் தேற வேண்டும். அதற்குப் பின்னும், பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவன் ஒவ்வோர் ஆண்டும் முப்பது பயிற்சி வெடிகளைச் சுட்டு, பின்னர் நூறு மீற்றர் தொலைவிலுள்ள விலங்குருவில் ஐந்து வெடிகளையும் குறித்த வட்டத்தினுள் வைத்துக் காட்டல் வேண்டும். நாற்பது ஆண்டு வேட்டையாடிய கிழவனுக்கும் இவ்விதிதான். ஆசிரியன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் உவப்பானது. ஓராண்டுப் பயிற்சிக்கு இருபது ரவை கொண்ட பெட்டிகள் மூன்று நான்கு வேண்டியிருக்கும். றைபிள் வாங்கும் நாளிலேயே அவற்றின் விலையையும் கணக்கிற் சேர்த்துவிட வேண்டும்.

வீட்டில் வைக்கும் முறை ஒன்று எஞ்சியுள்ளது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவே முதலாவதாகவும் இருந்திருக்கலாம். கனடாவிலே இத்தகைய றைபிளை ரவை நீக்கியே வைத்தல் வேண்டும். அதற்குமேல், விசைக்குப் பூட்டிடலாம், அல்லது தாழைக் கழற்றிவிடலாம், அல்லது பூட்டிய பெட்டியில் வைக்கலாம். இவற்றுள் ஒன்றைச் செய்தாற் சட்டம் நிறைவுறும். நான் மூன்றையுஞ் செய்யச் சொன்னேன். தாழ் அமைப்பின் மற்றொரு நன்மை இங்கே விளங்குகின்றது: கருவி எதுவுமின்றி ஒரு நொடியிற் கழன்று வரும் அவ்வுறுப்பு, ஒரு சாண் நீளமே உள்ளது. அதனை எடுத்துவிட்டால் எஞ்சுவது குழலும் கட்டையுமே. குழலை ஓர் அறையிலும், தாழை வேறோர் அறையில் உயரத்திலுள்ள பூட்டிய பேழையிலும், ரவைகளை மூன்றாவது இடத்திலும் வைத்து, திறவுகோல்களைப் பெரியவர் ஒருவரே தம்மோடு வைத்துக்கொள்ளலாம்.